பாரமாயிருத்தல்

"யாருக்கும் பாரமாக இராமல் போய்ச் சேரவேண்டும்." சேலம், நாமக்கல் வட்டாரத்து முதியோர் அன்றாடம் சொல்லும் செபம் இது. நானும் பல்லாண்டுகள் சொல்லியிருக்கிறேன். என் வலக்கையில் ஒரு குழாய் நுழைந்த பிறகுதான் இச்செபத்தின்மீது ஐயம் பிறந்தது.

மருத்துவமனையில் அதைப் பிக் லைன் என்கிறார்கள். மேற்கையின் சிரையொன்றில் புகுந்து, இதயத்தின் வாயிலருகே பெருஞ்சிரையில் முடியும் மெல்லிய குழாய். புற்றுநோய் மருந்துகளுள் சில கையின் சிறு சிரைகளைப் புண்ணாக்கிவிடும். வெளியே கசிந்தால் சதையே வெந்துபோகும். பெருஞ்சிரையில் இரத்தம் வெள்ளமாய் ஓடுவதால் மருந்து விழுந்தவுடன் நீர்த்துவிடுகிறது. எனக்கு ஏற்றும் மருந்துகளுள் ஒன்றான வின்கிறிஸ்டின், நம் கல்லறைத் தோட்டங்களில் எவரும் நடாமலே பூத்துக் கிடக்கும் நித்தியகல்யாணியிலிருந்து எடுக்கப்படுவது. இதை அறிந்த அன்று சற்றுநேரம் சிரித்தேன்.

குழாய் உள்ள கை நனையலாகாது, குடம் தூக்கலாகாது, அந்தக் கையில் இரத்த அழுத்தமும் பார்க்கலாகாது. வாரந்தோறும் சேலம் சென்று உப்புநீர் செலுத்திக் குழாயைக் கழுவி, கட்டு மாற்றிவர வேண்டும். திருச்செங்கோட்டு ரிக் வண்டியோடு வடமாநிலங்களுக்குப் போய்வந்த என் மகன் எனக்காக இவ்வாண்டு போகவில்லை. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் மருந்துச் செலவு பெரும்பாலும் அடங்கிவிட்டது. அவன் இழந்த வரும்படி அதில் அடங்காது.

குளிக்குமுன் மருமகள் என் கையில் பாலித்தீன் உறை சுற்றிக் கட்டுவாள். ஒருநாள் அவளை எழுப்ப மனமின்றி நானே ஒற்றைக் கையால் சுற்றிக்கொண்டு குளித்தேன். கட்டு நனைந்தது. அதையும் மறைத்தேன். மூன்றாம் நாள் நடுக்கத்தோடு காய்ச்சல். ஒரு வாரம் மருத்துவமனையில் படுக்கை. இரவெல்லாம் மகன் தரையில். பாரமாகலாகாது என்றெண்ணி இரட்டிப்புப் பாரமானேன்.

மருமகள் கடிந்துகொள்ளவில்லை. "என் பிரசவத்துல நீங்க செஞ்சதையெல்லாம் நான் கடன்னா எழுதி வெச்சிருக்கேன், அத்தை?" என்றாள்.

அக்கேள்வி என்னை விடவில்லை. கொடுக்கும்போது அன்பென்று எண்ணிய நான், பெறும்போது அதைக் கடனென்று ஏன் எண்ணினேன்? தன் பாதங்களை ஆண்டவர் கழுவலாகாதென்று பேதுரு மறுத்ததைத் தாழ்ச்சி என்றே நெடுநாள் கருதியிருந்தேன். கொடுப்பவனாக மட்டுமே நிற்க விரும்பும் பெருமையும் அதில் கலந்திருந்ததோ?

இக்குழாயின் வரலாற்றிலும் ஒரு பிடிவாதக்காரர் உண்டு. 1929-இல் செருமானிய மருத்துவர் வெர்னர் போர்ஸ்மன், மேலதிகாரியின் தடையை மீறி, தம் இடக்கைச் சிரை வழியே 65 சென்டிமீட்டர் குழாயை இதயம்வரை தாமே செலுத்திக்கொண்டார். 1956-இல் நோபல் பரிசு பெற்றார். குழாய் எங்கே செல்கிறதென்று எக்ஸ்ரே திரையில் அவர் காண்பதற்கு ஒரு செவிலி எதிரே கண்ணாடி பிடித்து நிற்க வேண்டியிருந்தது.

இவையெல்லாம் என் மகனின் இழப்பை ஈடுசெய்துவிடா. பாரம் பாரந்தான், அவன் முகத்தில் அதைக் காண்கிறேன். காணாததுபோல் இருப்பதும், கண்டு மறைந்துகொள்வதும் இரண்டுமே அவனுக்கு நான் செய்யும் அநீதி என்று இப்போது தோன்றுகிறது.

அந்தப் பழைய செபத்தை விட்டுவிட்டேன். அதனிடத்தில் எதைச் சொல்வதென்று இன்னும் விளங்கவில்லை. விடிந்ததும் மருமகளைக் கூப்பிட்டுக் கையை நீட்டுகிறேன்.