இறந்தவர் வீட்டுக்கு யார் போனார்கள்?

திருவிடைமருதூர் மகாலிங்க சுவாமி கோயிலில் கிழக்கு வாசல் வழியாக நுழைகிற பக்தர்கள் அதே வழியாகத் திரும்புவதில்லை. வரகுண பாண்டியனின் குதிரைக் காலில் மிதிபட்டு ஓர் அந்தணர் இறந்துபோனார், பிரம்மஹத்தி அரசனைப் பிடித்துக்கொண்டது என்பது தலபுராணம். அரசன் கோயிலுக்குள் போனதும் அது வாசலிலேயே நின்றுவிட்டது. அவன் வேறு வாசல் வழியாக வெளியேறித் தப்பினான். அது இன்னும் அங்கேயே காத்திருப்பதாக நம்பித்தான் தோஷம் கழிக்க வருகிறவர்கள் மாற்று வழியில் போகிறார்கள்.

ஊரில் சொல்லப்படுகிற இந்தக் கதையில் இறந்தவரின் வீடு வருவதே இல்லை. அவருக்குப் பெண்டாட்டி பிள்ளைகள் இருந்தார்களா, மறுநாள் அந்த வீட்டில் அடுப்பு எரிந்ததா, அரசன் ஒரு நடை போய்ப் பார்த்தானா? கேட்பாரில்லை. கதைக்குக் குதிரை மேல் இருந்தவனின் நிம்மதி போதும்.

நம்மை நெகிழவைக்கிற அன்புக் கதைகளிலும் எனக்கு இதே கேள்விதான் எழுகிறது. கடலோரக் குப்பம் ஒன்று. புயலில் ஒருவன் வலை போய்விட்டது. ஊரே கூடிக் காசு போட்டு அவனுக்குப் புது வலை வாங்கித் தருகிறது. படித்ததும் தொண்டை அடைக்கிறது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்தைப் புரட்டுகிறோம். "ஊரே" என்றார்களே, அந்த ஊரில் யார் யார் சேர்த்தி என்று கேட்கத் தோன்றுவதில்லை.

2004 டிசம்பர் 26 அன்று, சுனாமி வந்தபோது, அந்தக் கேள்வி கதைக்கு வெளியே வந்து நின்றது. நாகை மாவட்டத்தில் மட்டும் ஏறத்தாழ 6,000 பேரைக் கடல் கொண்டுபோனது. பரங்கிப்பேட்டையில் ஜமாஅத்தார் மீனவக் குடும்பங்களைத் தங்கவைத்து, சமைத்துப் போட்டு, பிணங்களை அடக்கம் செய்யவும் கைகொடுத்தார்கள். மதம் பார்க்கவில்லை, சாதி பார்க்கவில்லை. எத்தனை முறை சொன்னாலும் தகும் செய்தி இது.

அதே கரையில் இன்னொன்றும் நடந்தது. மீனவ ஊர்ப் பஞ்சாயத்துகள் கட்டுக்கோப்பானவை. வந்து குவிந்த நிவாரணம் பல ஊர்களில் அவர்கள் கை வழியாகத்தான் பிரிந்தது. வரி கட்டும் ஆண் தலைக்கட்டு எத்தனை என்பதே கணக்கு. அந்தக் கணக்கில் ஆண் துணை இழந்த பெண்கள் பலர் விடுபட்டார்கள். கழிமுகத்தில் இறால் தடவிப் பிழைக்கும் இருளர்கள் விடுபட்டார்கள். மீன் சுமந்தும் வயலில் கூலி செய்தும் வாழ்ந்த தலித்துகள் நிவாரண முகாமிலிருந்தே விரட்டப்பட்டதாக மனித உரிமை அமைப்புகள் பதிவு செய்தன. அழுகிய உடல்களைத் தூக்க மற்ற ஊர் நகராட்சிகளிலிருந்து துப்புரவுத் தொழிலாளர்களை லாரியில் கொண்டுவந்து இறக்கினார்கள். அவர்களில் பெரும்பாலோர் எந்தச் சாதி என்று இந்த நாட்டில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அந்த ஊர்க்காரர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. தங்களுக்குள் அவர்கள் உயிரைக் கொடுப்பார்கள். பிரச்சினையே அதுதான். தன் ஆளுக்கு உயிரைக் கொடுப்பவன் அடுத்த தெருக்காரனைப் பட்டினி போடவும் கூடும்; போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கவும் கூடும், ஏனென்றால் தான் அன்பானவன் என்பதில் அவனுக்குச் சந்தேகமே இருக்காது.

எனக்குப் பிடித்த கதையையே எடுத்துக்கொள்கிறேன். தி. ஜானகிராமனின் 'சிலிர்ப்பு'. திருச்சியிலிருந்து மாயவரம் போகிற ரயிலில் நடக்கிறது. அந்தத் தடத்தில்தான் திருவிடைமருதூர் ஸ்டேஷனும் இருக்கிறது. வறுமையால் கல்கத்தாவுக்கு வீட்டுவேலைக்கு அனுப்பப்படுகிற ஒரு சின்னப் பெண்ணிடம், அதே பெட்டியில் வந்த சிறுவன் தான் பொத்திப் பொத்தி வைத்திருந்த ஆரஞ்சுப் பழத்தைக் கொடுத்துவிடுகிறான். பார்த்த அப்பாவுக்கு மெய்சிலிர்க்கிறது. தமிழில் இதைவிட நல்ல கதைகள் அதிகம் இல்லை.

ஆனால் இத்தனை வருஷமாக நாம் அந்தப் பழத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். அந்தப் பெண் கல்கத்தாவுக்குத்தான் போகிறாள். பையனிடம் இருந்தது ஒரு பழம். முழுசாகக் கொடுத்துவிட்டான், அவன் கணக்கு தீர்ந்தது. பெட்டியில் பெரியவர்கள் இருந்தார்கள். அவர்களிடம் வாய் இருந்தது, காசு இருந்தது, ஊரில் சொல்லுக்கு மதிப்பும் இருந்தது. படிக்கிற நாமும் பெரியவர்கள்தான். பையனின் கண் வழியாக மட்டும் கதையைப் பார்த்தால், பெரியவர்களுக்கு உள்ள பொறுப்பிலிருந்து நழுவிக்கொள்கிறோம். இது ஜானகிராமன் குற்றமில்லை. அந்தப் பெண்ணின் நிலையை அவர் மறைக்காமல் எழுதியிருக்கிறார். நமக்குத்தான் அது கண்ணில் படவில்லை.

இந்தக் காவிரி டெல்டாவுக்கு நல்ல மனசுக் கதைகள் புதிதில்லை. பண்ணையாளுக்குப் பொங்கலுக்கு வேட்டி எடுத்துக் கொடுத்த மிராசுதார், பேறுகாலத்துக்கு நெல் அளந்த ஆண்டை. உண்மையாகவே அப்படிப்பட்டவர்கள் இருந்தார்கள். அவர்கள் இருந்த காலத்திலேயே சவுக்கடியும் சாணிப்பாலைக் குடிக்கவைக்கும் தண்டனையும் இருந்தன. கதிரடித்துப் போட்டவனுக்கு எத்தனை மரக்கால் நெல் என்பது ஆண்டையின் மனசைப் பொறுத்தே இருந்தது. அதை மாற்றியது யாருடைய நெகிழ்ச்சியும் இல்லை. 1940களில் கம்யூனிஸ்ட் தலைவர் பி. சீனிவாசராவ் போன்றவர்கள் சேரி சேரியாகப் போய்ச் சங்கம் கட்டினார்கள். 1952-இல் தஞ்சை சாகுபடிதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் தலித் கூலித் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரே குடிசையில் வைத்து எரிக்கப்பட்ட பிறகுதான், 1969-இல் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. நல்ல ஆண்டை செத்தால் அவரோடு நெல்லும் போய்விடும். சட்டப்படி வந்த கூலிக்கு யாருடைய முகத்தையும் பார்த்து நிற்க வேண்டியதில்லை.

இரக்கம் இல்லாமல் சட்டம் எங்கிருந்து வரும் என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். சீனிவாசராவுக்கும் நெஞ்சு பதறியிருக்கும். பதறிய பிறகு அவர் எங்கே போனார் என்பதில்தான் வித்தியாசம்: அடிபட்டவர் வீட்டுக்குப் போனார், உட்கார்ந்தார், என்ன வேண்டும் என்று கேட்டார், அதற்காக ஜெயிலுக்கும் போனார்.

ரயிலில் போன அந்தப் பெண்ணுக்குத் திரும்புவோம். வீட்டுவேலைக்கும் ஓட்டல் வேலைக்கும் 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளை வைக்கக்கூடாது என்ற தடை 2006 அக்டோபர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. 2016 திருத்தம் ஏறக்குறைய எல்லா வேலைக்கும் அதை விரித்தது. புகார் சொல்ல 1098 என்ற எண் இருக்கிறது, காசு செலவில்லை. அப்படி ஒரு பெண் பிள்ளை அடுத்த வீட்டுக் கொல்லையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தால், தீபாவளிக்கு ஒரு பாவாடை எடுத்துக் கொடுத்துவிட்டு நகராதீர்கள். அவள் எந்த ஊர், எந்த வகுப்போடு நின்றாள், அப்பா அம்மா எவ்வளவு முன்பணம் வாங்கினார்கள் என்று கேளுங்கள். பிறகு போனை எடுங்கள். அந்த வீடு உங்கள் சித்தப்பா வீடாக இருந்தாலும்.