ஊர் பார்த்தலும் ஊழியமும்

பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்துவின் சபையை உலகம் மார்மன் சபை என்ற பெயரால் அறியும். அந்தச் சபை இரண்டு வகை ஊழியக்காரர்களை வெளிநாடுகளுக்கு அனுப்புகிறது. கறுப்புப் பெயர்ப்பட்டை அணிந்து இருவர் இருவராகத் தெருவில் நடக்கும் இளைஞர்கள் ஒரு வகை. வேலையிலிருந்து ஓய்வு பெற்று, பிள்ளைகளைக் கரையேற்றிவிட்டு, கணவனும் மனைவியுமாகப் புறப்படும் மூத்த தம்பதிகள் மற்றொரு வகை. இவர்களின் ஊழியக் காலம் ஆறு மாதத்திலிருந்து 23 மாதம் வரை நீளும். செலவு அவர்களுடையது. எந்த நாடு, எந்த வேலை என்று விருப்பம் தெரிவிக்கலாம். முடிவெடுப்பது சால்ட் லேக் சிட்டியில் இருக்கும் சபைத் தலைமை. வீடு வீடாகக் கதவு தட்டும் வேலை பெரும்பாலும் இவர்களுக்கு இல்லை.

முதிய வயதில், சொந்தப் பணத்தில், தொலைதூர நாட்டில் ஒன்றரை ஆண்டு தங்கும் இந்த வாழ்க்கை வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு நீண்ட சுற்றுலாவாகத் தோன்றுவதுண்டு. கண்டிப்பான விசுவாசிக்கோ கோட்டையும் காடும் பார்க்கப் போகும் நாள் கடமையிலிருந்து களவாடிய நாளாகப் படலாம். ஊர் பார்ப்பது வேறு, ஊழியம் செய்வது வேறு என்ற ஒரே எண்ணத்திலிருந்துதான் இந்த இரண்டு பார்வைகளும் பிறக்கின்றன. அந்த எண்ணம் சரியானதல்ல. ஒரு மண்ணின் கதையை அறியாதவர் அந்த மண்ணின் மனிதர்களுக்கு உண்மையாக உதவ முடியாது. அந்த மனிதர்களோடு அன்றாடம் புழங்காதவருக்கு அந்தக் கதையைக் கண்ணெதிரே காட்டினாலும் விளங்காது. மேற்கு ஆப்பிரிக்காவில் உள்ள கானா இதைத் தெளிவாகக் காட்டும் நாடு.

கானாவில் இந்தச் சபையின் தொடக்கமே மூத்த தம்பதிகளோடு பிணைந்தது. ஆப்பிரிக்க வம்சாவளி ஆண்களுக்கு ஆசாரியத்துவம் கிடையாது என்ற தடை 19ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து சபையில் இருந்துவந்தது. 1978 ஜூனில், ஸ்பென்சர் கிம்பல் தலைவராக இருந்தபோது, அது நீக்கப்பட்டது. அதே ஆண்டின் பிற்பகுதியில் ரெண்டெல் மேபி, ரேச்சல் மேபி தம்பதியும் எட்வின் கேனன், ஜேனத் கேனன் தம்பதியும் நைஜீரியாவுக்கும் கானாவுக்கும் அனுப்பப்பட்டார்கள். அவர்கள் தரிசு நிலத்தில் விதைக்க வந்தவர்கள் அல்லர். கேப் கோஸ்ட் பகுதியில் ஜோசப் வில்லியம் பில்லி ஜான்சன் என்ற கானாக்காரர் 1964இலேயே மார்மன் புஸ்தகத்தைப் படித்து, அதை நம்பி, சபைக்கூட்டங்களை நடத்தத் தொடங்கியிருந்தார். முறையான ஊழியக்காரர்கள் வருவார்கள் என்று 14 ஆண்டுகள் காத்திருந்தார். டிசம்பரில் தம்பதிகள் வந்து சேர்ந்தபோது ஞானஸ்நானத்துக்கு ஆயத்தமான கூட்டமே அங்கு இருந்தது.

பத்தாண்டுகளுக்குப் பிறகு நேர்ந்த இன்னொரு நிகழ்ச்சியும் இதே பாடத்தைச் சொல்கிறது. 1989 ஜூன் 14 அன்று கானா அரசு இந்தச் சபையின் செயல்பாடுகளைத் தடை செய்தது. வெளிநாட்டு ஊழியக்காரர்கள் வெளியேற, வழிபாட்டுக் கட்டடங்கள் மூடப்பட்டன. தடை நீங்கிய 1990 நவம்பர் வரை கானா விசுவாசிகள் வீடுகளில் கூடி வழிபட்டுத் தங்கள் சபையைத் தாங்களே காத்தார்கள். இன்று தலைநகர் அக்ராவுக்கு வரும் தம்பதி முதலில் அறியவேண்டிய வரலாறு இந்த இரண்டும். இங்கு விசுவாசம் அவர்களுக்கு முன்பே வந்துவிட்டது. அவர்கள் இல்லாமலும் அது நின்றிருக்கிறது. இதை அறிந்து வருபவர் உதவியாளராக வருவார். அறியாமல் வருபவர் உரிமையாளராக நடந்துகொள்வார்.

அன்றாட வாழ்க்கை உடம்பிலிருந்து தொடங்குகிறது. அமெரிக்காவின் யூட்டா போன்ற உலர்ந்த மலைநாட்டிலிருந்து வருபவர்களுக்குக் கடலோர அக்ராவின் ஈரப்புழுக்கம் முதல் சோதனை. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் இல்லாமல் நாட்டுக்குள் நுழைய முடியாது. மலேரியாத் தடுப்பு மாத்திரை தங்கியிருக்கும் காலம் முழுவதும் தொடரும். ஏப்ரல் தொடங்கி ஜூலை வரை பெருமழை. டிசம்பரில் சகாராவிலிருந்து வீசும் ஹர்மட்டான் காற்று வானத்தை மங்கலாக்கி மேசையிலும் பாத்திரத்திலும் மென்புழுதியைப் படியவைக்கும். ஆண்டு முழுவதும் மாலை ஆறு மணியளவில் இருட்டிவிடுவதால் வெளிவேலைகள் பகலுக்குள் முடிய வேண்டும். குழாயை மட்டும் நம்பாமல் தொட்டியில் நீர் சேர்த்துவைக்க வேண்டும். மின்சாரத்துக்கு முன்கூட்டியே பணம் கட்டி மீட்டரில் ஏற்ற வேண்டும். எப்போது போகும், எப்போது வரும் என்று சொல்ல முடியாத மின்வெட்டை ஊரார் தும்சோர் என்கிறார்கள். இவற்றை ஊரார் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று கேட்டுக் கற்பதிலேயே முதல் சில வாரங்கள் போகும். எழுபதை நெருங்கும் வயதில் மீண்டும் கற்றுக்குட்டியாவது எளிதன்று. ஆனால் உதவி கேட்கத் தெரிந்தவரிடம்தான் மற்றவர் தயக்கமின்றி உதவி கேட்பார். ஆகவே ஊழியத்துக்கு உண்மையான பயிற்சி இந்த வாரங்களில்தான் நடக்கிறது.

வேலைகள் பலவகை. இளம் ஊழியக்காரர்களின் வாடகை வீடுகள், வண்டிகள், விசா, கணக்கு ஆகியவற்றை ஒரு தம்பதி அலுவலகத்தில் கவனிப்பார்கள். முன்னாள் மருத்துவரோ செவிலியரோ காய்ச்சலோடு தொலைபேசியில் அழைக்கும் இருபது வயதுப் பையனுக்கு ஆலோசனை சொல்வார். சிலர் 2004இல் திறக்கப்பட்ட அக்ரா ஆலயத்தில் பணி செய்வார்கள். குடிநீர், பார்வைப் பாதுகாப்பு, பிறந்த குழந்தைக்கு மூச்சுத் திணறினால் உயிர்ப்பிக்கும் பயிற்சி முதலிய உதவித் திட்டங்கள் வேறு சிலருடையவை. மற்றொரு வேலை கானாவுக்கே பொருந்தியது: கிராமத்துப் பெரியவர்கள் நினைவில் சுமந்திருக்கும் வம்சாவளிகளை அவர்கள் வாய்மொழியாகக் கேட்டுப் பதிவு செய்யும் திட்டத்துக்குத் துணைநிற்பது. பெரியவர் ஒருவர் இறந்தால் பல தலைமுறைகளின் பெயர்கள் அவரோடு மறைந்துவிடக்கூடிய இடத்தில் இந்த வேலைக்கு அவசரம் உண்டு.

அலுவலகத்துக்கு வெளியே தெரு ஒரு பள்ளிக்கூடம். வணக்கம் சொல்லி நலம் விசாரிக்காமல் நேரே விலை கேட்பது கானாவில் மரியாதைக் குறைவு. பணமோ பொருளோ இடக்கையால் கொடுக்கக் கூடாது. மக்கோலா சந்தையில் வாழைக்காயும் யாம் கிழங்கும் தக்காளியும் விற்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். அவர்களிடம் பேரம் பேசுவதற்கும் பேரத்தை எங்கே நிறுத்துவது என்பதற்கும் பழக்கம் வேண்டும். சோளமாவைப் புளிக்கவைத்துச் செய்யும் கென்கேயும் பான்குவும் புதியவர் நாவுக்குச் சற்று நாளெடுக்கும்; மிளகாய்க் காரத்தோடு பொரித்த பழுத்த வாழை கெலேவேலே உடனே பிடித்துவிடும். அக்கான் மக்களிடையே பிறந்த கிழமையால் பெயரிடும் வழக்கம் உண்டு. வெள்ளிக்கிழமை பிறந்த ஆண் கோஃபி, சனிக்கிழமை பிறந்த பெண் அமா. வந்தவர்களுக்கும் அப்படிப் பெயர் சூட்டி அழைப்பது அங்குள்ளவர்களுக்கு மகிழ்ச்சி. சட்டையில் குத்திய பெயர்ப்பட்டை அனுப்பியவர்கள் கொடுத்தது. இந்தப் பெயர் ஏற்றுக்கொண்டவர்கள் கொடுப்பது.

தம்பதியின் இல்லறமும் புதிதாகிறது. பணிக்காலம் முழுவதும் பகலில் பிரிந்து மாலையில் சேர்ந்த இருவர், இப்போது ஒரே அறையில், பல சமயம் ஒரே மேசையில், நாள் முழுவதும் சேர்ந்து உழைக்கிறார்கள். கணக்கில் கெட்டிக்காரி மனைவி என்றால் கணவன் வண்டியோட்டியாகவும் பொருள் சுமப்பவராகவும் மாறுவார். எந்தப் பதவியில் இருந்தவர், எவ்வளவு சம்பாதித்தவர் என்பதற்கு இங்கு வேலையில்லை. நாற்பது ஆண்டு மணவாழ்வில் ஒருவர் மற்றவரைப் பற்றித் தெரிந்துவைத்திருந்தது எவ்வளவு கொஞ்சம் என்பது இப்படி ஒரே வேலையை இருவரும் சுமக்கும்போதுதான் தெரியவருகிறது.

இந்த வாழ்வின் உண்மையான விலை பணம் அன்று, பேரப்பிள்ளைகள். பிறந்த நாள்களும் பள்ளி விழாக்களும் அவர்கள் இல்லாமல் நடக்கும். வயதான தாய் தந்தையோ உடன்பிறந்தவரோ காலமானாலும் உடனே போய்ச் சேர முடியாமல் போகலாம். குளிர்காலத்தில் அக்ராவில் இரவு எட்டு மணி என்றால் யூட்டாவில் பிற்பகல் ஒன்று. அந்த நேரத்தில் வரும் காணொளி அழைப்பே வாரத்தின் அச்சாணி. குடும்பத்துக்காகவே வாழ்ந்தவர்கள் குடும்பத்தை விட்டுவருவது முரண் என்று தோன்றலாம். ஆனால் தாத்தாவும் பாட்டியும் எதை மதித்து வாழ்ந்தார்கள் என்பதைப் பேரப்பிள்ளைகள் அவர்கள் சொல்லிக் கற்பதைவிட அவர்கள் செய்ததைக் கண்டு கற்பது ஆழமாகப் பதியும். அந்த விலையைக் கொடுப்பதற்கு இது போதுமான காரணம்.

வாரத்தில் ஒரு நாள் ஆயத்த நாள்: துணி துவைக்க, கடைக்குப் போக, ஊர் பார்க்க. அக்ராவிலேயே பார்க்க நிறைய உண்டு. 1957 மார்ச் 6 பிறந்த நள்ளிரவில் குவாமே இன்க்ரூமா விடுதலையை அறிவித்த பழைய போலோ மைதானம் இன்று அவருடைய நினைவுப் பூங்கா. அமெரிக்கக் கறுப்பின அறிஞர் டு பாய்ஸ் தம் கடைசி ஆண்டுகளைக் கழித்து 1963இல் மறைந்த வீடு நினைவகமாக இருக்கிறது. வடக்கே மலைமேல் 1890இல் திறக்கப்பட்ட அபுரி தாவரத் தோட்டம், அதற்கப்பால் மாம்போங். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் டெட்டே குவார்ஷி என்பவர் கொண்டுவந்து பயிரிட்ட கோகோ, மாம்போங்கிலிருந்துதான் நாட்டின் பெரும் பயிராக வளர்ந்தது. குமாசி நகருக்கு அருகே பொன்வீரேயில் குறுந்தறியில் ஒடுங்கிய பட்டைகளாக நெய்து ஒன்றோடொன்று தைத்துக் கெந்தே துணியாக்குகிறார்கள். 1965இல் முடிந்த அகோசோம்போ அணை உலகின் மிகப் பரந்த செயற்கை ஏரிகளில் ஒன்றான வோல்டா ஏரியை உண்டாக்கியது. அதற்காகச் சுமார் 80,000 பேர் ஊரை இழந்தார்கள். காகும் என்ற காட்டில் மரஉச்சிகளுக்கிடையே சுமார் 40 மீட்டர் உயரத்தில் ஏழு தொங்குபாலங்கள். சுற்றுலாக்காரரும் இவற்றையெல்லாம் காண்பார். அங்கேயே வாழ்பவருக்கு வேறொன்று கூடுகிறது. அணையைப் பார்க்கும்போது வீட்டு மின்வெட்டு நினைவுக்கு வரும். கோகோ மரத்தடியில் நிற்கும்போது சபையில் பக்கத்து இருக்கையில் அமரும் விவசாயியின் முகம் தெரியும். இடங்களுக்குப் பின்னால் மனிதர்கள் வந்துவிடுகிறார்கள்.

கடற்கரைக் கோட்டைகளில் இது மிகக் கடுமையாக உறைக்கும். அக்ராவிலிருந்து மேற்கே ஏறக்குறைய 150 கிலோமீட்டரில் கேப் கோஸ்ட். அங்கிருந்து சற்றுத் தொலைவில் எல்மினா. எல்மினா கோட்டையைப் போர்த்துக்கீசியர் 1482இல் கட்டினார்கள். 1637இல் டச்சுக்காரர் கைக்கும் 1872இல் ஆங்கிலேயர் கைக்கும் அது போனது. பொன் வாங்க எழுந்த கோட்டைகள் மனிதரை விற்கும் கிடங்குகளாயின. சன்னல் இல்லாத நிலவறைகளில் ஆண்களும் பெண்களும் தனித்தனியே அடைக்கப்பட்டு, கப்பல் வரும்வரை வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் கிடந்தார்கள். பிறகு கடலை நோக்கிய குறுகிய வாசல் வழியே அட்லாண்டிக்கைக் கடந்தார்கள். திரும்பாதோர் வாசல் என்று அதற்குப் பெயர். கானாவின் கோட்டைகளை யுனெஸ்கோ 1979இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

கேப் கோஸ்ட் கோட்டையில் ஆண்களின் நிலவறைக்கு நேர் மேலே ஆங்கிலேயரின் வழிபாட்டுக்கூடம் இருந்தது. கிறிஸ்துவின் பெயரைச் சொல்லிக் கடல் கடந்து வந்த எவரும் அந்த இடத்தைத் தாண்டிப் போக முடியாது. மேலே ஜெபம், கீழே சங்கிலி. இரண்டுக்கும் நடுவே ஒரு தளம். ஜெபித்தவர்கள் கீழே கிடந்தவர்களை அறியாதவர்கள் அல்லர். தங்கள் சபையிலேயே 1978 வரை நிறத்தின் பெயரால் தடை இருந்ததை அறிந்த மூத்த தம்பதிக்கு இது அயலார் செய்த பழங்காலத் தவறாக மட்டும் தோன்ற வழியில்லை. பக்தி மனிதரைக் காணாமலிருக்கவும் பழக்கக்கூடும் என்பதற்கு அந்தத் தளம் சாட்சி. ஊழியத்துக்கு வந்தவர் கற்கவேண்டிய பாடங்களில் இதைவிடப் பெரியது இல்லை. எந்தப் பயிற்சி மையமும் இதைக் கோட்டை உணர்த்தும் அளவுக்கு உணர்த்த முடியாது.

அங்கே நடந்துகொள்ளும் முறையும் உண்டு. வழிகாட்டி சொல்வதை முழுதும் கேட்க வேண்டும். உடன் வந்த கானா நண்பர் பேசாமல் நின்றால் அந்த மௌனத்தை ஆறுதல் வார்த்தையால் நிரப்பக் கூடாது. ‘அந்தக் காலம் போய்விட்டது’ என்று சொல்லும் உரிமை வந்தவருக்கு இல்லை. வெளியே மீனவர்கள் வலை உலர்த்தும் கரையில் கேமராவை எடுக்குமுன் அனுமதி கேட்க வேண்டும். வறுமையைப் படமாக்கி வீட்டுக்கு அனுப்புவது அந்த மனிதரின் மானத்தை விலைபேசுவதாகும். ஞாயிறன்று சபையில் அருகே உட்காரப்போகிறவரை எப்படிப் படமெடுக்க மனம் வராதோ அப்படி முன்பின் தெரியாதவரையும் எடுக்க மனம் வரக் கூடாது. பார்வையாளருக்கு இந்தக் கூச்சத்தைக் கற்றுத் தருவது அன்றாடப் புழக்கம்தான்.

ஊழியக் காலம் முடியும்போது தம்பதி கணக்கை ஒப்படைத்து, வீட்டைக் காலிசெய்து, தாங்கள் கவனித்த வேலைகளை அடுத்து வருபவரிடமோ உள்ளூரில் பழகியவரிடமோ கொடுத்துவிட்டுப் போகிறார்கள். உள்ளூர்க்காரரிடம் கொடுத்துவிட்டுப் போவதே மேலானது. 1989இல் வெளியேறியவர்கள் விட்டுப்போன சபையைக் கானா மக்கள் காத்த வரலாறு அதற்கான உரைகல். முதுமையில் இப்படிப் புறப்படுவது எல்லோருக்கும் கைகூடாது. உடல்நலமும் பணமும் பொறுப்புகள் நீங்கிய குடும்பச் சூழலும் அமைய வேண்டும். அமைந்தவர்களுக்கு இது நல்ல வழி. தேவைப்படும் இடத்தில் தேவைப்படும் வேலையைச் செய்வதும், அந்த இடத்தின் பெருமையையும் காயத்தையும் கண்ணால் கண்டு பணிவதும் சேர்ந்தே இந்த வாழ்வு முழுமை பெறுகிறது. விடைபெற்ற மறுநாள் அலுவலகம் வழக்கம்போலத் திறந்து அவர்களில்லாமல் வேலை நடந்தால் அவர்கள் வந்த காரியம் நிறைவேறிவிட்டது என்று பொருள்.