கூலியும் பாலமும்

பசித்தவனுக்குச் சோறு போடுவது அறம் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. அவனிடம் வேலை வாங்கிக்கொண்டு போடலாமா என்பதில்தான் வழக்கு. பொருளாதார மந்தத்தில் ஓர் அரசு பொதுப்பணிகளைத் தொடங்கும்போதெல்லாம் இந்த வழக்கு மறுபடி எழுகிறது. சும்மா கொடுத்தால் சோம்பல் வளரும் என்பார் ஒருவர். வேலை கொடுப்பதற்கென்றே வேலையை உண்டாக்குவது வீண்செலவு என்பார் இன்னொருவர்.

1930களின் பெருமந்தத்தில் அமெரிக்கா, வேலை கொடுத்து உதவும் வழியைப் பெரிய அளவில் செய்து பார்த்தது. 1933இல் அங்கே உழைப்பாளர்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு வேலை இல்லை. அதிபர் ரூஸ்வெல்ட் அரசின் நிவாரணப் பொறுப்பில் இருந்த ஹாரி ஹாப்கின்ஸ், கைநீட்டி வாங்கும் உதவி உயிரைக் காத்தாலும் மனத்தை ஒடித்துவிடும் என்று கருதினார். அவர் தலைமையில் 1935இல் தொடங்கிய டபிள்யூ.பி.ஏ. என்ற பொதுப்பணி அமைப்பு, 1943இல் மூடப்படும்வரை சுமார் 85 இலட்சம் பேருக்கு வேலை தந்தது. 6 இலட்சம் மைலுக்கு மேற்பட்ட சாலைகள் புதிதாகப் போடப்பட்டன அல்லது செப்பனிடப்பட்டன. நியூயார்க்கின் லகார்டியா விமான நிலையமும் சான் அன்டோனியோவின் ஆற்றங்கரை நடைபாதையும் அந்தக் கைகள் செய்தவை.

அன்றைய பத்திரிகைகள் இதை இலை கூட்டும் வேலை என்று எள்ளின. சில பணிகள் அப்படித்தான் இருந்தன. வேலையின்மையை முற்றாகத் துடைத்தது போர்க்காலமே தவிர இத்திட்டங்கள் அல்ல என்பதும் உண்மை. ஆயினும், வேலையற்றவனின் ஒரு நாள் உழைப்பைச் சேமித்து வைத்து அடுத்த ஆண்டு எடுத்துக்கொள்ள முடியாது. கஜானாவில் மிச்சம் பிடித்த காசை மட்டும் எண்ணி, இப்படிக் கழிந்துபோன நாட்களை எண்ணாமல் விடும் கணக்கு நேர்மையான கணக்கல்ல.

எது நிலைக்கும் என்பதையும் அந்தக் காலத்து மனிதர்கள் சரியாக ஊகித்துவிடவில்லை. டபிள்யூ.பி.ஏ.வில் எழுத்தாளர்களுக்கென்று ஒரு பிரிவு இருந்தது. பாலம் கட்டத் தெரியாதவர்களுக்கு அரசுப் பணமா என்று பலர் முகம் சுளித்தார்கள். 1936 முதல் 1938 வரை அந்தப் பிரிவினர் அடிமை வாழ்விலிருந்து விடுதலை பெற்ற முதியவர்களைத் தேடிச் சென்று, 2,300க்கு மேற்பட்டவர்களின் நினைவுகளைக் கேட்டு எழுதினார்கள். அடிமை முறை ஒழிந்து 70 ஆண்டுகள் கடந்திருந்த நேரம் அது. இன்னும் சில ஆண்டுகள் தாமதித்திருந்தால் கேட்பதற்கு ஆள் இருந்திருக்காது. கேட்கப் போனவர்களில் பெரும்பாலோர் வெள்ளையர்கள் என்பதால், முதியவர்கள் பலவற்றை மறைத்தும் மென்று விழுங்கியும் பேசியிருப்பார்கள். அந்தக் குறையோடும், ஒரு நாட்டின் மனச்சாட்சிக்கு அந்த ஏடுகள் எந்த அணையைவிடவும் தேவையானவை என்றே சொல்ல வேண்டும்.

அதே காலத்தில் அரசு கட்டிய அணைகளைப் பற்றி வேறு கணக்கும் உண்டு. டென்னசி பள்ளத்தாக்கில் நாரிஸ் அணைக்காக ஏறத்தாழ 3,000 குடும்பங்கள் ஊரை விட்டன. கிராண்ட் கூலி அணையின் நீர்த்தேக்கம், பூர்வகுடியினர் தலைமுறை தலைமுறையாகச் சால்மன் மீன் பிடித்துவந்த கெட்டில் அருவியை மூழ்கடித்தது. சுமார் 30 இலட்சம் இளைஞர்களைக் கொண்டு 300 கோடி மரங்கள் நட்ட சிசிசி என்ற அரசு வேலைத் திட்டத்தின் முகாம்களில் கறுப்பின இளைஞர்கள் தனியே பிரித்து வைக்கப்பட்டார்கள். மின்சாரம் வந்தது, காடு வளர்ந்தது என்பதால் இவை நியாயமாகிவிடுமா? விடாது. ஒருவருக்குக் கிடைத்த வெளிச்சத்தைக் காட்டி இன்னொருவர் இழந்த ஊருக்கு ஈடு சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

இந்த எச்சரிக்கை தமிழருக்குப் புதிதல்ல. 1876–78 பெரும் பஞ்சத்தில் சென்னையின் அடையாறையும் கூவத்தையும் இணைத்து, பக்கிங்காம் கால்வாயின் ஒரு பகுதி நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. அதே பஞ்சத்தில், 1877 தொடக்கத்தில், சென்னை மாகாண நிவாரணக் கூலியை பிரிட்டிஷ் அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள் நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சில்லறைக் காசுமாகக் குறைக்கச் செய்தார். உழைக்கும் உடலுக்கு அது போதாது என்று மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் எதிர்த்து நின்றார். கால்வாய் இன்றும் இருக்கிறது. அதன்மேல் பறக்கும் ரயிலின் தூண்கள் நிற்கின்றன. அது இன்றும் இருப்பதைச் சொல்லி அந்தக் கூலியை நியாயப்படுத்த முடியுமா?

ஆகவே நிலைத்த பயன் என்பதை மட்டும் வைத்து ஒரு திட்டத்துக்கு நற்சான்று தர முடியாது. டபிள்யூ.பி.ஏ.வின் மேன்மை அதன் பாலங்களில் தொடங்கவில்லை. உதவித்தொகையைவிடக் கூடுதலாக, குடும்பம் பிழைக்கும் அளவுக்கு, உழைப்புக்குரிய காசு கொடுத்ததில் தொடங்கியது. நியாயமான கூலி கொடுத்த பிறகு, எழும்பும் பள்ளிக்கூடமும் பாலமும் நாட்டுக்கு வந்த உபரி. இனி ஒரு மந்தம் வரும்போது, எத்தனை மைல் சாலை என்று ஆட்சியாளரைக் கேட்பதற்கு முன், மண் சுமப்பவருக்கு நாள் கூலி என்ன, யாருடைய நிலம் போகிறது என்று கேளுங்கள்.