ஹராம் என்று சொல்வதற்கு முன்

தற்கொலை ஹராம் என்பது நம் வீடுகளில் யாருக்கும் தெரியாத செய்தி அல்ல. மதரஸாவில் முதலாண்டு ஓதும் சிறுவனைக் கேட்டாலும் சொல்வான். அப்படியிருந்தும் பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகளின் ஜனாஸாவை நம் மஹல்லாக்களிலும் சுமக்க வேண்டி வந்திருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021-ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் 7 லட்சத்துக்கு மேற்பட்டோர் தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டார்கள். 15 முதல் 29 வயது வரையுள்ளோரின் மரணக் காரணங்களில் இது மூன்றாவது இடத்தில் நிற்கிறது. சட்டம் தெரிந்த பிள்ளை ஏன் அந்த விளிம்புவரை போகிறது? சட்டத்தை இன்னொரு முறை உரக்கச் சொல்வது இதற்குப் பதிலாகாது.

அந்தச் சட்டம் திருமறையில் எப்படி வந்திருக்கிறது என்று பாருங்கள். நிஸா அத்தியாயத்தின் 29-ஆம் வசனம் உயிரை மாய்ப்பதைத் தடுக்கிறது. தடுத்த கையோடு, அல்லாஹ் நம்மீது இரக்கமுள்ளவனாக இருக்கிறான் என்பதையும் அதே வசனம் சொல்லி முடிக்கிறது. நாமோ முன்பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு பிள்ளைகளிடம் பேசுகிறோம்.

மர்யம் (அலை) அவர்களின் வரலாற்றை நம் பெண்கள் விரும்பி ஓதுகிறார்கள். பிரசவ வேதனை அவர்களைப் பேரீச்ச மரத்தின் அடிக்குக் கொண்டு வந்தபோது, இதைக் காணாமலே இறந்திருக்கலாகாதா, யாருடைய நினைவிலும் இல்லாமற் போயிருக்கலாகாதா என்று அவர்கள் வாய்விட்டுச் சொல்லிவிட்டதாகத் திருமறை கூறுகிறது. மரணத்தை விரும்பிச் சொல்வதும் உயிரைப் போக்கிக்கொள்ள முனைவதும் ஒன்றல்ல, அதை அறிவோம். ஆனால் அந்தச் சொல்லுக்குக் கிடைத்த பதிலைக் கவனியுங்கள். கண்டனம் இல்லை. ‘உன்னைப் போன்ற இறையடியாள் இப்படிப் பேசலாமா’ என்ற கேள்வி இல்லை. கவலைப்படாதே என்ற ஆறுதல் முதலில் வந்தது. பிறகு காலடியில் நீரோடை. கையெட்டும் தூரத்தில் கனிந்த பேரீச்சம்பழம். உண்ணவும் பருகவும் கட்டளை. இதற்கும் மேலாக இன்னொரு சலுகை: எதிர்ப்படும் மனிதரோடு அன்று பேசவேண்டாம், மௌன நோன்பு நேர்ந்திருப்பதாகத் தெரிவித்தால் போதும் என்று வழிகாட்டப்பட்டது. நாலு பேர் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்லும் பாரம் அவர்கள் தோளிலிருந்து அன்றைக்கு இறக்கி வைக்கப்பட்டது.

தேர்வு முடிவு வரும் நாளில் நம் வீட்டில் நடப்பதென்ன? மாமியும் பெரியம்மாவும் வரிசையாகப் போன் செய்து மதிப்பெண் கேட்கிறார்கள். பிள்ளை அறைக்குள் இருக்க, வாப்பா கூடத்தில் நின்று சின்னாப்பா மகனின் மதிப்பெண்ணைச் சொல்லிக் காட்டுகிறார். தமிழ்நாட்டரசு 2017-ஆம் ஆண்டிலேயே பொதுத்தேர்வில் மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிப்பதை நிறுத்திவிட்டது. நம் குடும்பங்கள் அந்தத் தரவரிசையை இன்னும் நிறுத்தவில்லை. தோற்றவர்கள் சில வாரங்களிலேயே துணைத் தேர்வு எழுதலாம் என்ற ஏற்பாடு இருப்பதைப் பிள்ளைக்கு எடுத்துச் சொல்லவேண்டியவர்கள் நாம். அந்த நேரத்தில் குடும்ப மானத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

தேர்வு மட்டுமே காரணம் என்று நினைத்துவிடவும் கூடாது. கைப்பேசியில் உள்ள படத்தைக் காட்டி யாரோ மிரட்டுவதை உம்மாவிடம் சொல்ல அஞ்சும் பெண்பிள்ளை உண்டு. வெளியே சொல்ல முடியாத கொடுமைக்கு ஆளான பிள்ளை உண்டு. மனச்சோர்வு என்பது நோய் என்றே தெரியாமல் அதைத் தன் ஈமானின் குறை என்று எண்ணி மறுகும் பிள்ளையும் உண்டு. பெரும்பாலும் ஒன்றின்மேல் ஒன்றாகப் பல சேர்ந்தே நெருக்குகின்றன.

உறக்கமும் உணவும் மாறுகின்றன. கூடித் திரிந்த பிள்ளை ஒதுங்குகிறது. ஆசையாக வைத்திருந்த பொருளைத் தம்பிக்குக் கொடுத்துவிடுகிறது. ‘நான் உங்களுக்குப் பாரம்’ என்கிறது. இவற்றைக் கண்டால் அருகில் உட்கார்ந்து, ‘சாகவேண்டும் என்ற எண்ணம் வருகிறதா, தங்கம்?’ என்று நேராகவே கேளுங்கள். கேட்டால் இல்லாத எண்ணத்தை ஊட்டியதாகிவிடும் என்பது வீண் பயம். கேட்பது பிள்ளையின் மனச்சுமையைக் குறைக்கும் என்பதே மருத்துவர்களின் அனுபவம். ஆம் என்று பதில் வந்தால் பதறவேண்டாம், பயான் செய்யவேண்டாம். கேளுங்கள். தனியே விடாதீர்கள். மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். ஓதிப் பார்ப்பதை நாம் தடுக்கவில்லை. ஆனால் நோயை இறக்கிய இறைவன் அதற்கு மருந்தையும் இறக்கியிருக்கிறான், மருத்துவம் செய்யுங்கள் என்று சொன்னவர்கள் நபி (ஸல்) அவர்களே. இந்திய அரசு 2022-இல் தொடங்கிய மனநல உதவி எண் 14416 இரவிலும் பேசும். தமிழ்நாட்டின் 104-உம் உண்டு.

போலீஸ் வழக்காகிவிடுமோ என்று அஞ்சிப் பலர் மறைக்கிறார்கள். 2018-இல் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், இப்படி முயன்றவரைக் கடும் மன அழுத்தத்துக்கு ஆளானவராகவே கருதச் சொல்கிறது. தற்கொலை முயற்சியைத் தண்டித்த பழைய 309-ஆம் பிரிவு, 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள புதிய குற்றவியல் சட்டத்தில் இடம்பெறவில்லை.

‘சாகத் துணிந்தவனை யார் தடுக்க முடியும்? எல்லாம் விதி’ என்று சிலர் கை விரிக்கிறார்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பிறகு தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கம் இது. இலங்கையில் 1990-களின் நடுவிலிருந்து கொடிய பூச்சிமருந்துகளை அரசு ஒவ்வொன்றாகத் தடை செய்தது. பத்தே ஆண்டுகளில் அந்நாட்டின் தற்கொலை விகிதம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. அந்த வெறி பெரும்பாலும் சற்று நேரத்து வெறி. அந்நேரத்தில் ஆபத்தான பொருள் கைக்கெட்டாமல் இருந்தால் உயிர் தப்புகிறது. தப்பியவர்களில் பெரும்பாலோர் பிறகு அந்த வழியில் சாவதில்லை. எனவே வயல் மருந்தும் வீட்டு மாத்திரைகளும் பூட்டுக்குள் இருக்கட்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு வீட்டில் அந்தத் துயரம் நேர்ந்துவிட்டால், அங்கே போய் நரகத்தைப் பற்றிப் பேசுவதற்கு நமக்கு என்ன அதிகாரம்? எச்சரிக்கும் ஹதீஸ்கள் உண்மை. ஒருவரின் ஜனாஸாவை நபி (ஸல்) அவர்கள் தாமே முன்னின்று தொழவைக்கவில்லை என்பதும் உண்மை. எனினும் அத்தகையவருக்குத் தொழுகை உண்டென்பதே பெரும்பாலான இமாம்களின் முடிவு. ஸஹீஹ் முஸ்லிமில் மற்றுமொரு செய்தி இருக்கிறது. துஃபைல் இப்னு அம்ரு (ரலி) அவர்களோடு ஹிஜ்ரத் செய்து மதீனா வந்த ஒருவர், நோயின் வேதனை பொறுக்காமல் தம் கைகளுக்குத் தாமே ஊறு செய்துகொண்டு இறந்துபோனார். பின்னர் துஃபைல் அவரைக் கனவில் கண்டார். ஹிஜ்ரத்தின் பொருட்டால் மன்னிக்கப்பட்டிருந்தார். கைகள் மட்டும் மூடப்பட்டிருந்தன. தாமே கெடுத்துக்கொண்டது சீராக்கப்படாது என்று அவருக்குச் சொல்லப்பட்டிருந்தது. இதைக் கேட்ட நபி (ஸல்) அவர்கள், அவருடைய கைகளையும் மன்னித்துவிடுமாறு அல்லாஹ்விடம் துஆச் செய்தார்கள்.