முதல் மீன் யாருக்காக?

வீட்டில் கடல்நீர்த் தொட்டி அமைத்துப் பவளமும் மீனும் வளர்க்க விழைவோர்க்கு முதல் வினா, எந்த மீனை வாங்குவது என்பதன்று. எத்தனை நாள் காத்திருப்பது என்பதே.

லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் கடலுப்பைக் கலந்துவிட்டால் நீர் கடலாகிவிடாது. மீனின் கழிவிலிருந்து அம்மோனியா எழுகின்றது, அது நஞ்சு. நுண்ணுயிர்களுள் ஒருவகை அதனை நைட்ரைட்டாகவும், மற்றொருவகை அந்நைட்ரைட்டைத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இவை கல்லிலும் மணலிலும் குடியேறிப் பெருகப் பொதுவாக 4 முதல் 6 வாரம் ஆகும்.

அதுவரை அவற்றுக்கு இரையளிக்க, விலை மலிந்த டாம்செல் என்னும் சிறு மீனைப் புதுத் தொட்டியில் விடும் வழக்கம் நெடுநாள் இருந்தது. அது நஞ்சில் நீந்தும்; இறந்தால் இன்னொன்று வரும். பின்னர் வரும் அழகிய மீனுக்கு வீடு தூய்மையாகும். "அது தாங்கும்" என்பது அவர்கள் கூறும் நியாயம். தாங்குகின்றவன் தலையில் சுமையை ஏற்றி, அவன் மௌனத்தை இசைவெனக் கொள்ளும் இந்நியாயம் நாம் அறியாததன்று.

மீனின்றியும் இக்காரியம் கைகூடும். சில துளி அம்மோனியாவை இட்டுக் காத்திருந்தால் போதும். இட்டது ஒரு நாளில் மறைந்து, நைட்ரைட்டும் இல்லையெனச் சோதனை காட்டும் நாளே மீன் வரத்தக்க நாள்.

நம் கடலின் கற்பவளங்களை, 1972ஆம் ஆண்டு வனவுயிர்ச் சட்டம் 2001 முதல் காத்து வருகின்றது. கடையில் வாங்கிய சிறு மீனைக் காப்பதோ, பெரும்பாலும் வாங்கியவரின் பொறுமை ஒன்றே. ஆதலின், வெறுந்தொட்டியை 6 வாரம் பார்த்திருப்போமாக. கருணை என்பது சிலவேளை காத்திருத்தலேயன்றி வேறன்று.