இறுதி நாட்களும் வாழ்வின் பொருளும்

புற்றுநோய் இனித் தீராது என்று மருத்துவர் கூறிவிட்ட பின்னர், எஞ்சிய நாட்களில் ஒருவருக்கு வாழ்வின் பொருள் என ஒன்று உண்டா? உண்டெனில், பணிவிடை செய்வோர் அதனை அவர்க்குக் காட்ட இயலுமா? உழைத்துண்ணும் நம் குடும்பங்களில் இவ்வினா மிகக் கூர்மையாக எழுகின்றது. நம்மிடையே ஒருவருடைய மதிப்பு அவர் கொணரும் கூலியால் அளக்கப்படுகின்றது. கை ஓய்ந்ததும், 'வீட்டுக்குப் பாரமாகிவிட்டேனே' என்னும் எண்ணம் நோயினும் கொடிதாக அவரை அரிக்கத் தொடங்குகின்றது.

இந்நிலை புதிதன்று. வயிற்றுக்கடுப்பால் தம் மலசலத்திலேயே கிடந்த பிக்கு ஒருவரைப் பகவான் கண்ட வரலாறு விநயத்தில் உண்டு. ஏன் ஒருவரும் உதவவில்லை என்று வினவியபோது, அவர் ஏனைய பிக்குகளுக்கு எதுவும் செய்யாதவர், ஆதலின் அவர்களும் கவனிக்கவில்லை என்பதே விடையாயிற்று. பகவான் அவர்க்கு உபதேசத்தைத் தொடங்கினாரல்லர். ஆனந்தர் நீர் கொணர்ந்தார். பகவான் அதனை வார்த்தார். உடலைக் கழுவி, இருவருமாகத் தூக்கிக் கட்டிலில் கிடத்தினர். பயனற்றவர் எனத் தள்ளப்பட்டவர்க்கு, அவர் தள்ளத்தக்கவர் அல்லர் என்பதை அக்கைகளே உணர்த்தின.

ஆகவே முதற்கடன் உடலின் நோவைத் தணித்தலேயாம். வலியால் துடிப்பவர்க்கு வாழ்வின் பொருளை எண்ண ஓய்வேது? மார்பின் என்னும் மருந்து கடும் வலியையும் தணிக்க வல்லது. சாதாரண மார்பின் மாத்திரையை, ஆலைச் சங்கு தவறாது ஊதுவதுபோல், நான்கு மணிக்கொருமுறை கொடுத்துவருவது முறை. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தால் அது கிடைப்பது அரிதாயிற்று. 2014இல் அச்சட்டம் திருத்தப்பட்டது. கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் 1993இல் மருத்துவர்கள் இராசகோபால், சுரேஷ்குமார் முதலியோர் தொடங்கிய வலி தணிப்புப் பணி, கேரளமெங்கும் பரவிற்று. 2008இல் அம்மாநில அரசு அதனைக் கொள்கையாகவே ஏற்றது. இன்று வாளையார் எல்லைக்கு அப்பால் உள்ளாட்சிச் செவிலியரும், இப்பால் 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தினரும் நோயாளியின் வீட்டுக்கே செல்கின்றனர்.

அச்செவிலியர் செய்வதைக் கவனியுங்கள். அழுகிய புண்ணைக் கழுவி, மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துத் தூவுகின்றனர், துர்நாற்றம் குறைகின்றது. நாற்றத்துக்கு அஞ்சி வாயிலில் நின்ற பேரக்குழந்தை கட்டிலருகே வந்து அமர்கின்றது. பாட்டன் கதை சொல்லத் தொடங்குகின்றார். அவர் வாழ்வுக்குப் பொருள் தந்தது செவிலியன்று. அது உள்ளே வருதற்கு வழியை மட்டுமே செவிலி திறந்தாள்.

இலண்டன் மருத்துவமனை ஒன்றில் 1948இல் டேவிட் டாஸ்மா என்னும் போலந்து நாட்டு யூதர் புற்றுநோயால் இறந்தார். உற்றாரின்றி, உலகில் ஒரு தடமும் விடாது போகின்றோமே என்று அவர் வருந்தியதுண்டு. செவிலியாகப் பயின்ற சிசிலி சாண்டர்ஸ் அவர் பேச்சைப் பொறுமையாகச் செவிமடுத்தார். இறப்போர்க்கென ஓர் இல்லம் அமைப்பதைப் பற்றி இருவரும் பேசினர். டாஸ்மா ஐந்நூறு பவுன் விட்டுச்சென்றார். அவ்வில்லத்தில் தாம் ஒரு சன்னலாக இருக்கவேண்டுமென்பது அவர் விருப்பம். பின்னர் மருத்துவராகிய சிசிலி, 1967இல் புனித கிறிஸ்டபர் இல்லத்தைத் திறந்தார்.

'கொடுக்க ஒன்றுமில்லாதவர், பேச்சும் இழந்தவர் என் செய்வார்?' எனலாம். பயனால் மதிப்பை அளக்கும் பழைய கோலே இக்கேள்வியிலும் ஒளிந்திருக்கின்றது. அவர் வாயில் நீர் தொட்டு நனைக்கும் கை, அவர் மதிப்பை அவரிடம் கேட்டுப் பெறுவதில்லை.

நம்மவர்க்கு ஒன்று சொல்வேன். நோயாளியின் தலைமாட்டில் நின்று, 'முற்பிறவி வினை' என்று பேசாதீர்கள். எல்லா வேதனையும் பழவினையால் வருவதன்று. பித்தம், வாதம், சிலேத்துமம், பருவ மாற்றம் முதலியவற்றாலும் வரும் என மோலிய சீவகருக்குப் பகவான் விளக்கியுள்ளார். உடலில் ஓர் அம்பு தைத்திருக்க, உள்ளத்தில் நாம் மற்றொன்றை எய்யலாமா? அவர் கேட்டால் தம்மம் பேசுவோம். கேளாதபோது தலையணையைச் சரிசெய்வோம். எவரைக் காண விரும்புகின்றார், எந்த வேலை அவர் மனத்தில் முடியாது நிற்கின்றது எனக் கேட்போம். கேட்டதை அன்றே செய்வோம். அவருக்கு நாளை என்பது உறுதியில்லை.