கடைசி 1.2 சதவீதம்

மங்கலம்பேட்டையில் பையன் குட்டையாக இருந்தால், "அப்பன் உசரம்தானே வரும்" என்பார்கள். பெரும்பாலும் அது சரிதான். வளர்ச்சி ஹார்மோன் சுரக்காத பிள்ளைக்குச் சரியல்ல.

1985 வரை அந்த ஹார்மோனை இறந்தவர்களின் பிட்யூட்டரி சுரப்பியிலிருந்துதான் எடுத்தார்கள். அதே ஆண்டு பாக்டீரியாவைக் கொண்டு தயாரித்த மருந்துக்கு அமெரிக்கா அனுமதி தந்தது. மருந்து தாராளமானதும், யாருக்குக் கொடுப்பது என்ற கேள்வி சிக்கலாகிவிட்டது. 2003-ல் குறைபாடு இல்லாத குட்டைப் பிள்ளைகளுக்கும் அங்கே அனுமதி கிடைத்தது. நிபந்தனை: உயரத்தில் கடைசி 1.2 சதவீதத்தில் இருக்கணும்.

புரோகிராம் எழுதுகிற எனக்கு இது உறுத்துகிறது. சதவீதம் என்பது வரிசை. வரிசை என்றால் யாராவது கடைசியில் நின்றுதான் ஆகணும். அந்தப் பையன் படும் கேலி நிஜம். ஆனால் கேலி இருப்பது அடுத்தவர் வாயில். வருஷக்கணக்கில் தினமும் ஊசி ஏறுவது அவன் தொடையில். கிடைப்பதோ சராசரியாகச் சில சென்டிமீட்டர்.

இந்தியாவின் 2021 அரிய நோய்க் கொள்கை, 'நிரூபிக்கப்பட்ட' ஹார்மோன் குறைபாட்டையும் டர்னர் போன்ற சில நோய்களையும் மட்டும் இந்தச் சிகிச்சைக்குச் சேர்த்திருக்கிறது. கோடு நியாயமானதுதான். ஆனால் நிரூபிக்க ரத்தப் பரிசோதனை வேண்டும், எலும்பு வயது பார்க்க எக்ஸ்ரே வேண்டும், பெரிய ஊருக்கு அலைய வேண்டும். கூலிக்குப் போகிறவர் வீட்டில் குறைபாடு இருந்தும் நிரூபணம் இருக்காது.

விருத்தாசலத்துப் பீங்கான்காரர்களுக்குத் தெரியும்: சூளையில் வெந்த பிறகு மண்ணை வளைக்க முடியாது. எலும்பின் வளர்ச்சித் தட்டு மூடிவிட்டால் ஊசியாலும் பயனில்லை. ஆகவே குட்டையா என்று கேட்பதைவிட, போன வருஷத்திலிருந்து எவ்வளவு வளர்ந்தான் என்று கேட்கணும். பள்ளிக்கூட வயதில் வருஷத்துக்கு நாலு சென்டிமீட்டர்கூட வளராத பிள்ளையிடம் "தானா வளருவே" என்பது ஆறுதல் இல்லை, அவன் காலத்தைச் செலவழிப்பது.